அப்பாவின் வீடும் அண்ணாவின் யோசனையும்

அன்புள்ள ஐயா,

உங்கள் பெரியம்மாவைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்த துணிவில் எழுதுகிறேன். அப்பாவுக்கு 78 வயது. இரண்டு வருடங்களுக்கு முன் பாரிசவாதம் வந்து வலது கையும் காலும் வழங்காமல் போயின. இப்போது மறதியும் தொடங்கிவிட்டது. பகலில் பார்க்கச் சம்பளத்துக்கு ஓர் ஆள், இரவில் நானும் அம்மாவும். உப்புவெளியில் 20 பேர்ச் உறுதிக் காணியும் வீடும் அப்பா பெயரில் இருக்கின்றன. அமெரிக்காவில், நியூஜெர்சியில் இருக்கும் அண்ணா, "இப்பவே எங்கள் இருவர் பெயரிலும் எழுதச் சொல்லு, இல்லாவிட்டால் பராமரிப்புச் செலவிலேயே வீடு போய்விடும், இங்கே எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்" என்கிறார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எழுதலாமா?

ஒரு வாசகி, உப்புவெளி

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணா சொல்வது அவர் இருக்கும் ஊரின் நியாயம். அங்கே முதியோர் இல்லச் செலவை மெடிக்கெயிட் என்ற அரச திட்டம் ஏற்க வேண்டுமானால், அந்த முதியவரிடம் சொத்து மிகக் குறைவாக இருக்க வேண்டும். விண்ணப்பிப்பதற்கு முந்திய 60 மாதங்களில் எதையாவது சும்மா கொடுத்திருந்தால் அதையும் கணக்கில் எடுத்து உதவியைத் தள்ளிப்போடுவார்கள். அதனால்தான் அங்கே வருடக்கணக்காக முன்கூட்டியே சட்டத்தரணியிடம் போய்ப் பிள்ளைகள் பெயருக்கு மாற்றுகிறார்கள்.

இங்கே இலங்கையில் அரச ஆஸ்பத்திரி இலவசம். ஆனால் வீட்டில் படுத்திருக்கும் உங்கள் அப்பாவைத் தூக்கி இருத்தும் ஆளின் சம்பளத்தை அரசு தரப்போவதில்லை, அவரிடம் வீடு இருந்தாலும் இல்லாவிட்டாலும். அப்படியென்றால் வீட்டைக் கைமாற்றி நீங்கள் எந்த உதவியைப் பெறப்போகிறீர்கள்? ஒன்றையும் இல்லை. அப்பாவின் பராமரிப்புக்கு உள்ள ஒரே பெரிய ஆதாரத்தை அவர் கையிலிருந்து எடுப்பதுதான் மிச்சம்.

அம்மா ஏன் பேசவில்லை என்று யோசித்தீர்களா? யாழ்ப்பாணப் பூர்வீகம் இல்லாத, தேசவழமை என்ற வடபகுதித் தமிழரின் வழக்குச் சட்டம் பொருந்தாத குடும்பம் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். அப்பா மரணசாசனம் (உயில்) எழுதாமல் காலமானால், 1876ஆம் ஆண்டின் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டப்படி சொத்தில் பாதி அம்மாவுக்கு. மற்றப் பாதிதான் பிள்ளைகளுக்குச் சமமாகப் போகும். இன்று அப்பா முழுவதையும் உங்கள் இருவருக்கும் நன்கொடையாக எழுதினால், அந்தப் பாதி அம்மாவிடமிருந்து போய்விடுகிறது. நாளைக்கு அம்மாவும் படுக்கையில் விழலாம். அப்போது அவருடையது என்று சொல்ல ஒரு சுவர்கூட இருக்காது.

பெரியம்மாவுக்கு நடந்தது இதுதான். பாலையூற்று வீட்டைக் கடைசி மகன் பெயரில் ஒரு நிபந்தனையும் இல்லாமல் எழுதிக்கொடுத்தார். அவன் கெட்டவன் இல்லை. வெளிநாடு போக அதை ஈடு வைத்தான், மீட்க முடியவில்லை. பெரியம்மா கடைசி மூன்று வருடங்களை எங்கள் வீட்டு விறாந்தை அறையில்தான் கழித்தார். ஒரு நாளும் அவனைக் குறை சொல்லவில்லை. "என்ர வீட்டுக் கிணத்துத் தண்ணி மாதிரி வராது" என்று மட்டும் அடிக்கடி சொல்லுவார். அதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

நன்கொடை உறுதியை நினைத்தபடி திருப்பி எடுக்க முடியாது என்பதையும் அண்ணாவுக்குச் சொல்லுங்கள். திரும்பப் பெறும் உரிமையை உறுதியிலேயே வைத்திருக்காவிட்டால், பிள்ளை பெரும் நன்றிகேடு செய்தான் என்று மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு நிரூபிக்க வேண்டும். 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் அதற்கென்றே வந்தது. பாரிசவாதக்காரர் எந்தக் காலத்தில் வழக்குப் பேசி முடிப்பது?

சரி, பின்னால் சண்டை வரக்கூடாது, இப்போதே எழுதித்தான் ஆக வேண்டும் என்று குடும்பமாக முடிவெடுத்தால், அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இருவருக்குமே சீவிய உரித்து வைத்து எழுதுங்கள். அப்பாவுக்கு மட்டும் வைத்தால் அவரோடு அது முடிந்துவிடும். அந்த உரித்து இருக்கும்வரை வீட்டில் குடியிருப்பதும் வாடகை எடுப்பதும் அவர்கள் உரிமை. உப்புவெளியில் கடற்கரைப் பக்கம் இரண்டு அறையை வாடகைக்கு விட்டால், பகலில் வரும் ஆளின் சம்பளத்தில் ஒரு பங்காவது அதிலிருந்து வரும். வீட்டை விற்காமல் வீட்டாலேயே பராமரிக்கும் வழி அது.

(மூதூர், கந்தளாய்ப் பக்கம் இதை வாசிப்பவர்களுக்கு: உங்களுடையது உறுதிக் காணியாக இல்லாமல், அரசு அனுமதிப்பத்திரத்தில் தந்த பெர்மிட் காணி அல்லது அரச அளிப்பு என்றால் கதை வேறு. பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது. உங்களுக்குப் பின் காணி யாருக்கு என்று, பின்னுரித்தாளர் பெயர் பதிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.)

அப்பாவுக்காகக் கையெழுத்துப் போடும் அதிகாரமான அற்றோணித் தத்துவம் எடுத்தால் போதும் என்றும் யாராவது சொல்லுவார்கள். வங்கி வேலைக்கு உதவும். ஆனால் அப்பாவின் நினைவு முற்றாகத் தப்பிவிட்டால் அந்தத் தத்துவத்தின் பலமும் போய்விடும். அதன்பின் சொத்தைப் பார்க்க நீதிமன்றம்தான் ஒருவரை நியமிக்க வேண்டும்.

என் மனதுக்குச் சரியென்று படுவது மரணசாசனம். அப்பா இருக்கும்வரை எல்லாம் அவருடையது, தேவைப்பட்டால் விற்கவும் மாற்றி எழுதவும் முடியும். நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் போதும். அம்மாவுக்குச் சீவிய உரித்து எழுதலாம், பார்த்த பிள்ளைக்குக் கூடுதல் பங்கும் எழுதலாம். நீங்கள் உங்களைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. இரண்டு வருட இரவுகள் கணக்கில் வராதவை இல்லை, தங்கச்சி. ஒரு கொப்பி வாங்கி, பம்பர்ஸ், மருந்து, சம்பளம் என்று மாதச் செலவை எழுதி அண்ணாவுக்குப் படம் பிடித்து அனுப்புங்கள். பெற்றோரைப் பார்ப்பது பிள்ளைகளின் கடமை என்று 2000ஆம் ஆண்டின் முதியோர் உரிமைச் சட்டமே சொல்கிறது, அவர் எந்த நாட்டில் இருந்தால் என்ன.

எதை எழுதுவதானாலும் பிந்த வேண்டாம். மறதி தொடங்கிவிட்டது என்கிறீர்கள். அப்பா தெளிவாக இருக்கும் ஒரு காலை நேரத்தில், வைத்தியரிடம் அவருக்கு விளங்கும் நிலை இருக்கிறது என்று கடிதம் வாங்கிக்கொண்டு, நொத்தாரிசை வீட்டுக்கே கூப்பிடுங்கள். அவர் அப்பாவிடம் தனியாகக் கேட்கட்டும். அப்பா பதில் சொல்லி முடிக்கும்வரை நீங்கள் முற்றத்தில் இருங்கள், அண்ணாவின் வட்சப் அழைப்பையும் நிறுத்திவிட்டு.