ராஜாவைப் பார்க்க நேரம் கேட்ட ராணி

அன்புள்ள ஐயா,

நான் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறேன். இந்தப் பருவத்தில் இரண்டாம் ஆண்டுக்கு ஷேக்ஸ்பியரின் 'மேக்பெத்' நாடகம். போன மாதம் ஓர் உரையில் நீங்கள் லேடி மேக்பெத்தை நினைத்தால் பாவமாக இருக்கிறது என்று போகிறபோக்கில் சொன்னீர்கள். எனக்கு அப்படித் தோன்றவே இல்லை. வீட்டுக்கு விருந்தாளியாக வந்த வயதான அரசரைக் கொல்லச் சொல்லிப் புருஷனைத் தூண்டியவள். எங்கள் பேராசிரியர் அவளை நான்காவது சூனியக்காரி என்பார். கைகேயிக்காவது பிள்ளைப் பாசம் என்று ஒரு சமாதானம் உண்டு, இவளுக்கு அதிகார ஆசையைத் தவிர என்ன இருக்கிறது? இதற்கிடையில் என் வகுப்பில் ஒரு மாணவி, "மேடம், இதையே ஒரு ஆம்பளை செஞ்சிருந்தா வீரம்னு சொல்லியிருப்பாங்கல்ல?" என்று கேட்டாள். மணி அடித்துவிட்டது, தப்பித்தேன். நாளைக்கு மறுபடி கேட்பாள். என்ன சொல்லட்டும்?

ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் மாணவிக்கு. அவள் கேட்டதற்குப் பதில் நாடகத்தின் இரண்டாவது காட்சியிலேயே இருக்கிறது. மேக்பெத் மேடைக்கு வருவதற்கு முன்பே அவன் புகழ் வந்துவிடுகிறது. போர்க்களத்திலிருந்து ரத்தம் ஒழுக வந்த ஒருவன், மேக்பெத் ஒரு கலகக்காரனைத் தொப்புளிலிருந்து தாடைவரை கிழித்து, தலையை வெட்டிக் கோட்டை மதிலில் மாட்டிய கதையைச் சொல்கிறான். அதைக் கேட்டு அரசர் டங்கன் முகம் சுளிக்கவில்லை, என்ன வீரம் என்று நெகிழ்ந்துபோகிறார், அந்தக் காட்சி முடிவதற்குள் பட்டமும் கொடுக்கிறார். ஆக, அந்த நாட்டில் வெட்டுவது தப்பில்லை. யாரை, யாருக்காக, எங்கே வைத்து என்பதுதான் கணக்கு. அந்த அளவுக்கு உங்கள் மாணவி சரி. ஆனால் "இதையே ஒரு ஆம்பளை செஞ்சிருந்தா" என்கிறாளே, செய்தது ஆம்பளைதானே! கத்தி மேக்பெத்தின் கையில் இருந்தது. நானூறு வருஷமாக நாம்தான் அதை லேசாக மறந்துவிட்டு அவளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம்.

தூண்டினாள் என்பது உண்மை, ஆனால் திரியை அவள் வைக்கவில்லை. நீ அரசனாவாய் என்று மூன்று சூனியக்காரிகள் சொன்ன மாத்திரத்தில் மேக்பெத்துக்கு மயிர் கூச்செறிகிறதே, அது கொலை நினைப்பு வந்ததால்தான். அப்போது அவள் பல மைல் தள்ளி வீட்டில் இருக்கிறாள். பிறகு அவன் பின்வாங்கும்போது, இந்தப் பேச்சை முதலில் எடுத்தது நீதானே, அன்றைக்கு இடமும் தோதுப்படவில்லை, நேரமும் தோதுப்படவில்லை, இரண்டையும் நீயே உண்டாக்கிக்கொள்கிறேன் என்றாயே, இப்போது இரண்டும் தானாக வந்து நிற்கும்போது நடுங்குகிறாயே என்று அவனிடமே கேட்கிறாள். அவன் மறுக்கவில்லை.

எனக்கு இதைவிட வியப்பான ஒன்று உண்டு. ஷேக்ஸ்பியர் இந்தக் கதையை எடுத்தது ஹாலின்ஷெட்டின் வரலாற்றுத் தொகுப்பிலிருந்து. அதில் மேக்பெத்தின் மனைவிக்குக் கிடைப்பது கிட்டத்தட்ட ஒரே வாக்கியம்: ராணி என்ற பெயரைச் சுமக்க வேண்டும் என்ற அணையாத ஆசையில் எரிந்தவள். (அவளை வைத்து ஒரு வாக்கியத்துக்கு மேல் ஒன்றும் கிடைக்காததால், அதே புத்தகத்தில் வேறோர் அரசனைக் கொன்ற டான்வால்டின் மனைவியையும் சேர்த்துத் தைத்துத்தான் அவர் இவளை உருவாக்கினார். காவலாளிகளுக்கு மதுவை ஊற்றிக் கவிழ்ப்பதெல்லாம் அந்தக் கதையில் வருவது.) இப்போது நாடகத்தைப் புரட்டிப் பாருங்கள். நான் ராணியாக வேண்டும் என்று அவள் சொல்லும் ஒரு வரிகூட இல்லை. மூலத்தில் அவளைப் பற்றி இருந்த ஒரே செய்தியை ஷேக்ஸ்பியர் தூக்கிவிட்டார். அவள் பேசுவதெல்லாம் நமது பகல்கள், நமது இரவுகள், உன் தலையில் கிரீடம். இதைப் படித்துவிட்டு அவள் தியாகி என்று நான் சொல்ல வரவில்லை. அதிகாரம் அவளுக்கும் வேண்டும்தான், ஆனால் அது புருஷன் வழியாக மட்டுமே வரும் என்று அவள் சந்தேகமே இல்லாமல் நம்புகிறாள். அவள் போட்ட தப்புக் கணக்கு அது.

கொலை நடக்கும் இரவு முழுக்க அவளுடையது. டங்கன் 'என்' கோட்டைக்குள் வருகிறான் என்கிறாள், மற்றதையெல்லாம் என்னிடம் விடு என்கிறாள். கத்திகளை அவன் உளறிக்கொண்டு கையோடு எடுத்து வந்துவிட, அதைப் பிடுங்கிப் போய்ப் பிணத்தருகே, பழி விழ வேண்டிய காவலாளிகள் பக்கத்தில், வைத்துவிட்டு வருகிறாள். விடிந்ததும் முதல் சறுக்கல்: அவளுடைய திட்டத்தில் இல்லாத ஒன்றை, அவளைக் கேட்காமல், மேக்பெத் செய்துவிடுகிறான். காவலாளிகள் இருவரையும் வெட்டிப்போடுகிறான். அவன் அதை எல்லோருக்கும் முன்னால் விளக்கிக்கொண்டிருக்கும்போதுதான் அவள் மயங்கி விழுகிறாள். நடிப்பா நிஜமா என்று விமர்சகர்கள் அடித்துக்கொள்வார்கள். நான் நிஜம் என்ற கட்சி.

அப்புறம் மூன்றாம் அங்கம். இருவரும் அரியணை ஏறிவிட்டார்கள். முதல் காட்சியில் அவளுக்கு மூன்று வரிகூட முழுசாக இல்லை, அதுவும் மேக்பெத்தின் சக தளபதி பாங்கோவை மறந்திருந்தால் நம் விருந்து நன்றாயிருந்திருக்காது என்ற உபசாரப் பேச்சு. ராத்திரிச் சாப்பாடுவரை நான் தனியாக இருக்கிறேன் என்று மேக்பெத் சொல்ல, மற்றவர்களோடு அவளும் வெளியே போகிறாள். அடுத்த காட்சிதான் எனக்கு இந்த நாடகத்திலேயே கொடூரமான இடம். அதில் ரத்தம் கிடையாது. ஒரு வேலைக்காரனைக் கூப்பிட்டு, அரசரிடம் போய்ச் சொல், அவருக்கு ஒழியும்போது இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்கிறாள். சொல்கிறேன், அம்மா என்று அவன் போகிறான். சில நாள் முன்பு இதே மனிதன் இவளுக்கு எழுதிய கடிதத்தில், மேன்மையில் என் அருமைக் கூட்டாளியே என்று விளித்திருந்தான். இப்போது அவனைப் பார்க்க ஆள் அனுப்ப வேண்டியிருக்கிறது.

வேலைக்காரன் போனதும் தனியாக நான்கே வரி பேசுகிறாள்: எல்லாம் செலவாகிவிட்டது, கைக்கு ஒன்றும் வரவில்லை. மேக்பெத் வருகிறான். உடனே முகத்தை மாற்றிக்கொண்டு, ஏன் தனியாகவே இருக்கிறீர்கள், நடந்தது நடந்துவிட்டது என்று அவனைத் தேற்றுகிறாள். அவனும் பாங்கோவைக் கொல்ல ஆள் ஏற்பாடு செய்துவிட்டுத்தான் வந்து நிற்கிறான், ஆனால் சொல்லவில்லை. அதை நீ தெரிந்துகொள்ள வேண்டாம் கண்ணே, முடிந்தபிறகு கைதட்டு என்கிறான். திட்டம் போட்டவளைப் பார்வையாளர் வரிசைக்கு அனுப்பியாயிற்று.

கைகேயியைச் சொன்னீர்களே, அந்த ஒப்பீடு இங்கேதான் உதவுகிறது. அவள் கேட்டது புருஷன் கடன்பட்டிருந்த இரண்டு வரங்களை. நாடு கைக்கு வந்தால் ஆள பரதன் இருந்தான் (அவன் வேண்டாம் என்றது வேறு கதை). இவளோ பால் கொடுத்திருக்கிறேன் என்கிறாள், ஆனால் நாடகத்தில் பிள்ளை இல்லை. பாங்கோவின் வம்சம்தான் ஆளும் என்றும் சூனியக்காரிகள் சொல்லியிருந்தார்கள், வாரிசில்லாத செங்கோல் என்ற அந்த அரிப்புதான் மேக்பெத்தைப் பாங்கோவின் பக்கம் திருப்புகிறது. பாங்கோவின் பிள்ளைகள் ஆள்வதற்காகவா நான் கையைக் கறையாக்கினேன் என்று புலம்புகிறான். அந்த வருத்தத்தில் அவளுக்கும் பாதிப் பங்கு உண்டே, அவளோடு பேசியிருக்கலாமே? வாய் திறப்பதில்லை.

விருந்தில் பாங்கோவின் ஆவியைக் கண்டு அவன் கத்தும்போது அவள் கடைசியாக ஒருமுறை சமாளிக்கிறாள், வரிசை பார்க்காமல் உடனே கிளம்புங்கள் என்று எல்லோரையும் அனுப்பிவைக்கிறாள். அதன் பிறகு நாலாம் அங்கம் முழுக்க அவளைக் காணவே காணோம். மேக்பெத்தை எதிர்த்த பிரபு மக்டஃபின் மனைவியும் பிள்ளைகளும் அவள் இல்லாமலே கொல்லப்படுகிறார்கள்.

அவள் தூக்கத்தில் நடக்கும் காட்சியை நீங்கள் எப்படியும் விரிவாக நடத்துவீர்கள், அதனால் சுருக்கமாக. 1785இல் லண்டனில் சாரா சிடன்ஸ் இதை நடித்தபோது, கையில் ஒட்டியிருப்பதாக அவள் நினைக்கும் ரத்தத்தைக் கழுவுவதற்காக மெழுகுவர்த்தியைக் கீழே வைத்துவிட்டார். அதுவரை நடிகைகள் அதைக் கையிலேயே பிடித்திருந்தார்களாம், நாடக அரங்கை நடத்தியவர் பதறிப்போய்த் தடுத்துப் பார்த்திருக்கிறார். கையில் விளக்கோடு எப்படிக் கழுவுவது என்று அந்த அம்மாள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. நான் கவனிப்பது வேறு. ராத்திரியில் அவள் எழுந்து காகிதம் எடுத்து, மடித்து, எழுதி, படித்து, முத்திரை வைக்கிறாள் என்று தாதி சொல்கிறாளே, யாருக்கு எழுதுகிறாள்? நாடகத்தில் நாம் அவளை முதன்முதலில் பார்க்கும்போது அவள் கையில் இருந்ததும் ஒரு கடிதம்தான். பிறகு, வா, வா, கையைக் கொடு என்று இருட்டில் யாரையோ படுக்கைக்கு அழைத்துப் போகிறாள். மக்டஃபின் மனைவியைப் பற்றியும் கேட்கிறாள்: அவள் இப்போது எங்கே? யாரும் அவளிடம் சொல்லியிருக்கமாட்டார்கள், அவளாகத் தெரிந்துகொண்டிருக்கிறாள்.

பாவம் என்று நான் சொன்னது இதற்காகத்தான். டங்கனைக் கொன்றதற்கு அவளை நானும் மன்னிக்கவில்லை.

நாளைக்கு வகுப்பில் அந்தப் புகழ்பெற்ற வசனங்களை ஒதுக்கிவையுங்கள். மூன்றாம் அங்கம் இரண்டாம் காட்சி, ஐம்பது சொச்சம் வரிதான், அந்த மாணவியையே ராணியாகப் படிக்கச் சொல்லுங்கள். வேலைக்காரன் வேடத்துக்கும் ஓர் ஆளைப் போடுங்கள், 'சொல்கிறேன், அம்மா' என்றபின் அவன் வாசல்வரை மெதுவாக நடந்து போகட்டும்.