அரிசி டின்னில் கிராம்பு எண்ணெய் விட்டால் வண்டு போகுமா?

சுங்கை சிப்புட்டில் வாங்கிய 10 கிலோ அரிசியில் வண்டு, கிராம்பு எண்ணெயை அப்படியே சொட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சொட்டாதீர்கள். சோறு பல்வலி மருந்து மாதிரி மணக்கும்!

எண்ணெய் வேலை செய்வது உண்மைதான். கிராம்பிலுள்ள யூஜெனாலும் யூகலிப்டஸிலுள்ள சினியோலும் ஆவியாகி, வண்டின் மூச்சுத்துளை வழியாக நுழைந்து நரம்பைத் தாக்குகின்றன. மூடிய டின்னில்தான் பலன். திறந்த சாக்கில் ஆவி பறந்துவிடும். பஞ்சில் இரண்டு மூன்று சொட்டு விட்டு, அரிசியில் படாமல் மூடியின் உட்புறம் ஒட்டுங்கள். ‘செராய் வாங்கி’ எனப்படும் சிட்ரோனெல்லா புல்லின் எண்ணெயும் ஓரளவு விரட்டும்.

ஆனால் சிக்கல் வேறு இடத்தில். பெண் கூன்வண்டு அரிசியைத் துளைத்து, உள்ளே முட்டையிட்டு, துளையைப் பசையால் அடைத்துவிடும். உள்ளிருக்கும் புழுவை ஆவி எளிதில் எட்டாது. நம்மூர்ச் சூட்டில் ஒரு மாதத்துக்குள் அடுத்த தலைமுறை வந்துவிடும். அதனால் முதலில் அரிசியைச் சிறு பைகளாகப் பிரித்து, ஃப்ரீசரில் −18 டிகிரியில் நான்கு நாள் வையுங்கள். எண்ணெய் அதற்குப் பிறகு, காவலுக்கு.

தோட்டத்துப் பாட்டிகள் வசம்பு போடுவார்கள். அதன் எண்ணெய் மட்டும் வேண்டாம்: அதிலுள்ள பீட்டா அசரோன் என்ற வேதிப்பொருள் எலிகளுக்குப் புற்றுநோய் தந்ததால், அமெரிக்கா 1968-இல் வசம்பை உணவில் தடை செய்தது.