தேர்வெழுதாத கப்பல் தலைவரின் சான்றிதழ் குறித்து

வணக்கம். நீங்கள் ஆராய்ந்துவரும் லிவர்பூல் கப்பல் தலைவரின் 1851ஆம் ஆண்டுச் சான்றிதழில் தேர்வைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாததால், அது போலியோ என்று கேட்டிருந்தீர்கள். அதை மட்டும் வைத்து அப்படி ஐயுற வேண்டியதில்லை. 1850ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் வணிகக் கப்பல் சட்டம், அயல்நாடுகளுக்குச் செல்லும் கப்பல்களின் தலைவர்களும் துணை அதிகாரிகளும் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டுமென விதித்தபோது, 1851 பிறக்குமுன்பே அப்பதவிகளில் இருந்தவர்களுக்குத் தேர்வின்றிப் 'பணிச் சான்றிதழ்' வழங்க இடமளித்தது. உங்களிடம் இருப்பது அதுவாகவே இருக்கலாம்.

புதியவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. ஒப்பந்தப் பயிற்சியாளனாகக் கப்பலேறிய சிறுவன், பல குடும்பங்கள் அதற்கெனக் கட்டணமும் செலுத்தியிருக்க (சம்பளமோ சொற்பம்), பாய்மரம் ஏறியும் தளம் கழுவியும் நான்கு ஆண்டுகளைக் கழித்த பின்னரே, 17 வயதும் நிரம்பியிருந்தால், இரண்டாம் துணை அதிகாரிக்கான தேர்வில் அமர முடிந்தது. நண்பகல் சூரியனின் உயரத்திலிருந்து அட்சரேகையைக் கணக்கிடுவது போன்ற கணக்குகளோடு, கப்பலைக் கையாளும் திறன் வாய்மொழியாகவும் சோதிக்கப்பட்டது. முதல் துணை அதிகாரி, தலைவர் ஆகிய பதவிகளுக்குத் தனித்தனித் தேர்வுகள் இருந்தன.

சான்றிதழ் எண்ணைக் குறிப்பிட்டு, கிரீன்விச்சிலுள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தை அணுகுங்கள். இவ்வகை விண்ணப்ப ஆவணங்கள் பெருமளவில் அங்கேயே பாதுகாக்கப்படுகின்றன.