கை, கால் முறிந்தால்: திருகோணமலையிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

பதில் சொல்பவர்: எலும்பு முறிவு விடுதியில் பணிபுரியும் தாதிய உத்தியோகத்தர்

உப்புவெளி: மிஸ், என்ர மகனுக்கு ஏழு வயது. கொய்யா மரத்தால விழுந்து முழங்கை வீங்கிப் போச்சு. எண்ணெய் பூசி இறுக்கிக் கட்டச் சொல்லி அம்மம்மா சொல்றா. கட்டலாமா?

கட்ட வேண்டாம் தங்கச்சி. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுங்கள். கையை ஊன்றி விழும் பிள்ளைகளுக்கு முழங்கைப் பக்கம் முறிந்தால், அநேகமாக முழங்கைக்குச் சற்று மேலேதான் முறியும். மேற்கை எலும்பு அந்த இடத்தில் மெல்லியது. கைக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடி அதன் முன்பக்கமாக ஓடுகிறது, நரம்புகளும் பக்கத்திலேயே இருக்கின்றன.

முறிந்த இடம் பல மணி நேரத்துக்கு வீங்கிக்கொண்டே போகும். இறுக்கிக் கட்டினால் அந்த வீக்கத்துக்கு வெளியே இடமில்லை, உள்ளே அழுத்தும். முன்கைத் தசைக்கு இரத்தம் போகாமல் ஆறு மணி நேரமளவு கடந்தால் தசை செத்துவிடும். பிறகு எலும்பு சரியாகப் பொருந்தினாலும் விரல்கள் மடங்கியபடியே நின்றுவிடும். தடுக்கக்கூடிய ஊனம் இது. அதனால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

கட்டுப் போட்ட எந்தக் கையையும் இப்படிப் பாருங்கள். நகத்தை அமத்தி விட்டால், வெளுத்த இடம் 2 விநாடிக்குள் திரும்பச் சிவக்க வேண்டும். விரல் குளிர்ந்தாலோ விறைத்தாலோ கட்டைத் தளர்த்துங்கள். இவற்றுக்கு முந்தியே வரும் அறிகுறி நோ. மடங்கியிருக்கும் விரலை நீங்கள் மெல்ல நிமிர்த்தும்போது பிள்ளை துடித்தால், நகம் சிவப்பாக இருந்தாலும் தாமதிக்க வேண்டாம்.

இப்போதைக்குக் கை எந்த நிலையில் இருக்கிறதோ அதே நிலையில் துவாயால் தாங்கிக் கொண்டுபோங்கள். மடக்கவும் வேண்டாம், நிமிர்த்தவும் வேண்டாம். காப்பு, மோதிரம் இருந்தால் வீங்க முந்திக் கழற்றுங்கள். சாப்பிடவோ குடிக்கவோ ஒன்றும் கொடுக்க வேண்டாம். மயக்க மருந்து கொடுத்துப் பொருத்த வேண்டி வரலாம். வயிற்றில் சாப்பாடு இருந்தால் சத்தி மூச்சுக்குழாய்க்குள் போகும் ஆபத்து உண்டு.

தம்பலகாமம்: அப்ப முறிவு நெரிவு வைத்தியரிட்டப் போறதே பிழையா?

அப்படிச் சொல்லவில்லை. பதிவு பெற்ற முறிவு வைத்தியர்கள் நம் நாட்டில் இருக்கிறார்கள். ஆனால் எக்ஸ்ரே முதலில். தோல் கிழிந்த முறிவு, மூட்டுக்குள் போன முறிவு, விரல் விறைத்த கை கால், பிள்ளைகளின் முழங்கை: இவை நேரே ஆஸ்பத்திரிக்குத்தான்.

கிண்ணியா: உம்மாவுக்கு 72 வயது. குளியலறையில் வழுக்கி விழுந்தா. எழும்ப ஏலாது. ஒரு கால் கட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடக்கு.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இடுப்பு மூட்டருகே தொடை எலும்பு முறிந்திருக்கலாம். எழுப்பி நிறுத்திப் பார்க்க வேண்டாம். காலை நேராக்கவும் வேண்டாம். இரு பக்கமும் தலையணை முட்டுக்கொடுத்து, போர்த்திவிட்டு, 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். அதற்குக் காசு கட்டத் தேவையில்லை. உம்மா குடிக்கும் மருந்துகளைக் கையோடு கொண்டுபோங்கள். இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை குடிக்கிறாவென்றால் அதை முதலில் சொல்லுங்கள்.

வீடு திரும்பியதும் குளியலறைச் சுவரில் கைபிடி பூட்டுங்கள். ஈரத்தில் வழுக்கும் தளவோடுதான் வயதானவர்களுக்குப் பெரிய எதிரி.

சாம்பல்தீவு: தென்னையால விழுந்தவரை ஆட்டோவில ஏத்தலாமா?

கூடாது. உயரத்திலிருந்து விழுந்தவருக்கு முள்ளந்தண்டு முறிந்திருக்கும் என்றே எண்ணி நடக்க வேண்டும். ஆட்டோ சீற்றில் மடங்கி இருந்தால் உடைந்த எலும்பு நகர்ந்து, முள்ளந்தண்டுக்குள் ஓடும் முண்ணாண் நரம்பை நசுக்கலாம், கால்கள் நிரந்தரமாகச் செயலிழக்கலாம். ஒருவர் தலையின் இரு பக்கமும் பிடித்து அசையாமல் வைத்திருக்க, 1990 வரும்வரை காத்திருங்கள். சத்தி எடுத்தால் மட்டும் நான்கு பேர் சேர்ந்து தலை, தோள், இடுப்பு, கால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில், ஒரே நேர்கோட்டில் பக்கவாட்டாகத் திருப்புங்கள். எண்ணுகிறவர் தலையைப் பிடித்திருப்பவர்.

மூதூர்: மோட்டார் சைக்கிள் விபத்தில் கீழ்க்கால் எலும்பு வெளியே தெரிஞ்சா?

உள்ளே தள்ள வேண்டாம். மஞ்சள், கோப்பித்தூள் எதுவும் போட வேண்டாம், கிருமி எலும்புக்குள் போனால் மாதக்கணக்கில் சீழ் வடியும். சுத்தமான துணியால் மூடி, எலும்பின் மேல் அல்லாமல் அதைச் சுற்றி அழுத்தி இரத்தத்தை நிறுத்துங்கள்.

பிறகு அசையாமல் கட்ட வேண்டும். காட்போட் பெட்டியை மடித்தாலே போதும், ஆனால் அது முழங்காலுக்கு மேலிருந்து பாதம் வரை நீள வேண்டும். முறிவுக்கு மேலும் கீழும் உள்ள இரண்டு மூட்டும் அசையாவிட்டால்தான் முறிவு அசையாது. உள்ளே துணி வைத்து, காயத்தை விட்டு மேலும் கீழும் கட்டுங்கள். கட்டின பிறகு கால்விரலை அமத்திப் பாருங்கள். ஏற்பூசி (டெட்டனஸ் தடுப்பூசி) கடைசியாக எப்போது போட்டது என்று ஆஸ்பத்திரியில் சொல்லுங்கள்.

திருகோணமலை நகரம்: மணிக்கட்டு எக்ஸ்ரேயில முறிவு இல்லையெண்டவை. எட்டு நாளாகியும் பெருவிரல் அடிக்குழியில நோகுது.

அங்கே இருக்கும் சின்ன எலும்பின் முறிவு முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவதுண்டு. 10 முதல் 14 நாளில் திரும்ப எடுக்கக் கேளுங்கள். அதுவரை கையால் பாரம் தூக்க வேண்டாம். அந்த எலும்புக்கு இரத்தம் ஒரு முனையிலிருந்தே அதிகம் வருகிறது, கவனிக்காவிட்டால் மறு முனை செத்துப்போகும்.

நிலாவெளி: பிளாஸ்டருக்குள்ள கடி தாங்கேலாது. ஈர்க்கு விட்டுச் சொறியலாமா?

வேண்டாம் தம்பி. தோல் கீறி உள்ளே புண்ணாகும், வெளியே தெரியாது. மேலே மெல்லத் தட்டுங்கள், கையை உயர்த்தி வையுங்கள், காற்றாடிக்கு முன்னால் இருங்கள். கடியோடு கெட்ட மணம் வந்தாலோ பிளாஸ்டரில் ஈரக்கறை தெரிந்தாலோ கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே வாருங்கள்.