உறைந்த பச்சை இறைச்சியும் ஃபெரெட்டும்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்திலிருந்து எழுதிய நண்பருக்கு: உறைய வைத்த பச்சை வான்கோழி இறைச்சியைத் தின்னும் ஃபெரெட்டுக்கு (கீரி போன்ற வளர்ப்புப் பிராணி) பறவைக் காய்ச்சல் எப்படி வரும் என்கிறீர்கள். வரும். உறைநிலை அந்தக் காய்ச்சலைத் தரும் எச்5என்1 வைரஸைக் கொல்லாது. பத்திரமாகக் காப்பாற்றித்தான் வைக்கும். 2024 டிசம்பரில் உங்கள் மாநிலத்திலேயே அத்தகைய உணவைத் தின்ற வீட்டுப் பூனை ஒன்று செத்தது. உணவிலிருந்த வைரஸும் பூனையிடம் இருந்ததும் ஒன்றே என்று மரபணுச் சோதனை காட்டியது.

ஃபெரெட்டுக்கும் இது தொற்றும். மனிதருக்கு வரும் ஃப்ளூ காய்ச்சலை ஆராயும் ஆய்வகங்கள் ஃபெரெட்டைத் தேடிப் பிடிப்பது சும்மா இல்லை, நம்மைப் போலவே அதற்கும் ஃப்ளூ தொற்றும். இறைச்சியை எலும்பு நீக்கி, உள்வரை 74 டிகிரி செல்சியஸ் எட்டும்படி வேகவைத்துக் கொடுங்கள். உங்களுக்குச் சாதாரண ஃப்ளூ காய்ச்சல் என்றாலும் ஃபெரெட்டைக் கொஞ்சாதீர்கள், அந்தக் காய்ச்சலும் அதற்கு ஒட்டிக்கொள்ளும். அதனிடம் சோர்வு, மூச்சுத்திணறல், தள்ளாட்டம் தெரிந்தால் கால்நடை மருத்துவரிடம் தொலைபேசியில் சொல்லிவிட்டே தூக்கிக்கொண்டு போங்கள்.