ஸ்டெதாஸ்கோப் இல்லாமல் குழந்தைக்கு நிமோனியா இருக்கலாம் என்று கிராம சுகாதாரத் தன்னார்வலர் எப்படிக் கண்டுபிடிப்பது?

மூச்சை எண்ணித்தான். இருமலோடு வரும் குழந்தையின் சட்டையை மேலே தூக்கிவிட்டு, நெஞ்சோ வயிறோ ஏறி இறங்குவதை முழுதாக 60 நொடி எண்ண வேண்டும். 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கினால் கணக்கு கெடும். குழந்தையின் மூச்சு சீராக ஓடாது; ஒன்று கூடினாலே பெருக்கும்போது நான்காகிவிடும். அழும்போதும் பால் குடிக்கும்போதும் எண்ணவே கூடாது. தாய் மடியிலேயே இருக்கட்டும், தூங்கினால் இன்னும் வசதி.

2 மாதம் முதல் ஒரு வயது நிறையும் வரை நிமிடத்துக்கு 50, அதன்பின் 5 வயது வரை 40. இந்த எண்ணைத் தொட்டாலே வேக மூச்சு. 2 மாதத்துக்குள் என்றால் 60. மறுபடி எண்ணியும் குறையாவிட்டால் உடனே மருத்துவமனை.

எண்ணிக்கை சரியாக இருந்தாலும், மூச்சை இழுக்கும்போது கீழ் விலா உள்ளே குழிகிறதா என்று பாருங்கள். அதுவோ, குடிக்க முடியாமையோ, குடித்ததெல்லாம் வாந்தியோ, வலிப்போ, எழுப்பினாலும் விழிக்காத மயக்கமோ இருந்தால் எண்ணிக்கொண்டிருக்காமல் அனுப்பிவிடுங்கள்.

இந்த அறிகுறிகள் இல்லாத குழந்தைகளுக்குத் தடுப்பூசி அட்டையையும் ஒரு பார்வை: நியூமோகாக்கல், ஹிப் (இரண்டும் நிமோனியா உண்டாக்கும் பாக்டீரியாக்களுக்கு எதிரானவை), தட்டம்மை மூன்றுமே நிமோனியாவையும் தடுக்கிற ஊசிகள்.