வரி பாட்டை விட்டுப் போகும் இடம்

அன்புள்ள அண்ணா,

கோண்டாவிலில் ஒரு ரியூட்டரியில் தரம் எட்டுப் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். ஒரு கணக்கின் விடை 67 என்று வந்தால் காணும், வகுப்பே 'சிக்ஸ் செவன்' என்று கத்துகிறது. இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, மாறி மாறி ஏற்றி இறக்குகிறார்கள். என்ன அர்த்தம் என்று கேட்டால் சிரிப்புத்தான். அமெரிக்க ராப் பாட்டில் வருகிறதாம், ரிக்ரொக்கில் பார்த்தார்களாம். அர்த்தமே இல்லாத ஒன்று எப்படி அண்ணா இவ்வளவு தூரம் வருகிறது? இன்னொன்று. அந்த வகுப்பில் ஒருவன் எங்கட தமிழில் ராப் எழுதுகிறான், நல்லாகவே எழுதுகிறான். இப்போது, "முழுப்பாட்டு எதுக்கு சேர், இப்படி ஒரு வரி மாட்டினால் காணும்" என்கிறான். அவனுக்கு என்ன சொல்வது?

சி., கோண்டாவில்

அன்புள்ள தம்பி,

அந்த வரி பிலடெல்பியாவைச் சேர்ந்த ஸ்க்ரில்லா என்ற ராப் பாடகருடையது. 'டூட் டூட்' என்ற அந்தப் பாட்டு 2024 கடைசியில் வெளியே வந்தது. 67 என்பது ஒரு வீதியின் எண் என்கிறார்கள், பொலிசின் குறியீடு என்கிறார்கள். பாடியவர் அதற்கு ஓர் அர்த்தத்தைக் கட்டிவைக்கவே விரும்பவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது அது வருகிற இடம். அந்தச் சொல்லோடுதான் தாளம் இறங்குகிறது. வீடியோ வெட்டுகிறவர்களுக்கு இதைவிட வசதி வேண்டுமா? சொல் விழுகிற நேரம் காட்சியை மாற்றினால் வேலை முடிந்தது.

முதலில் பிடித்துக்கொண்டவர்கள் கூடைப்பந்து ரசிகர்கள். லமெலோ போல் என்ற வீரரின் உயரம் ஆறடி ஏழு அங்குலம். அவருடைய ஆட்டத் துண்டுகளுக்கு இந்தச் சத்தத்தைப் போட்டார்கள். பிறகு 2025 மார்ச்சில், ஒரு போட்டி பார்க்க வந்த சிறுவன் கமராவைப் பார்த்துக் கையையும் ஆட்டிக் கத்தினான். வரி பாட்டை விட்டுப் போன இடம் அதுதான் என்பேன். அதற்குப் பிறகு பாட்டே தேவைப்படவில்லை, வாயும் கையும் போதும். அந்த வருடத்தின் சொல்லாக டிக்சனரி.கொம் 67ஐத் தெரிவு செய்தது.

இதை ஊர் ஊராகக் கொண்டு போகிற பொறி என்னவென்று உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். ரிக்ரொக் வீடியோவில் சத்தத்தின் பெயரைத் தொட்டால், அதே சத்தம் போட்ட வீடியோக்கள் எல்லாம் வரிசையாக வரும். கூடவே, அந்தச் சத்தத்தை நாமும் எடுத்துப் போட ஒரு பொத்தான். பார்க்கிறவன் அடுத்த நிமிடமே செய்கிறவன் ஆகிவிடுகிறான். பிள்ளைகள் பாட்டுக்கு வாயசைத்த மியூசிக்கலி என்ற செயலி 2018இல் ரிக்ரொக்கோடு கலந்தது. அந்தக் குணம் இன்னும் போகவில்லை. இந்தியாவில் 2020 ஜூனில் ரிக்ரொக்கைத் தடை செய்துவிட்டதால், தமிழ்நாட்டுப் பிள்ளைகள் ரீல்ஸிலும் ஷோர்ட்ஸிலும் பார்ப்பதை எங்கட பெடியள் நேரடியாகவே பார்க்கிறார்கள்.

அர்த்தம் இல்லாததால்தான் அது வந்தது, தம்பி. அர்த்தம் உள்ள வரிக்கு அதைச் சொல்ல ஒரு சந்தர்ப்பம் வேண்டும். 67க்கு அது வேண்டாம். புத்தகத்தின் பக்கம், சோதனைப் புள்ளி, உங்கள் கணக்கின் விடை, எங்கும் அது காத்திருக்கும். சின்ன வயதில் மணலை நீளமாகக் குவித்து, அதற்குள் குச்சியை ஒளித்து, 'கீச்சு மாச்சுத் தம்பலம்' என்று விளையாடியிருப்பீர்கள். தம்பலம் என்றால் என்ன என்று அப்போது யார் கேட்டது? கையும் சொல்லும் சேர்ந்து ஓட ஒரு கூட்டாளி இருந்தால் விளையாட்டு நடந்தது. உங்கள் வகுப்பில் நடப்பதும் அதுதான். இதனால் பிள்ளைகளின் மொழி அழிகிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வெட்டுகிறதும் ராப்புக்குப் புதிதில்லை. 1973 ஓகஸ்டில் நியூயோர்க்கின் பிரொங்ஸில் கூல் ஹேர்க் என்ற டீஜே ஒரு விருந்தில் இசைத்தட்டுப் போட்டார். ராப்பின் கதையை அங்கிருந்துதான் தொடங்குவார்கள். பாட்டில் மேளம் மட்டும் தனியே ஒலிக்கிற துண்டை எடுத்து, ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை வைத்துத் திரும்பத் திரும்ப ஓடவிட்டது அவருடைய வித்தை. ஆனால் முழு இசைத்தட்டையும் கேட்டுத் தேடித்தான் அவர் அந்தத் துண்டைக் கண்டுபிடித்தார். இன்று துண்டு மட்டும் கைக்கு வருகிறது. எனக்கு வலிக்கிற இடம் அதுதான்: கத்துகிற பிள்ளைகளில் எத்தனை பேருக்கு ஸ்க்ரில்லாவின் பெயர் தெரியும்?

உங்கள் மாணவனுக்கு எம்.ஐ.ஏ. என்ற ராப் பாடகியைப் பற்றிச் சொல்லுங்கள். மாதங்கி அருட்பிரகாசம், சின்ன வயதில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். அவருடைய 'பேப்பர் பிளேன்ஸ்' 2007இல் வந்தது. விசாவையும், குடியேறி வந்தவர்களைச் சந்தேகத்தோடு பார்க்கிற கண்களையும் பற்றிய பாட்டு. அதுவும் த கிளாஷ் என்ற ஆங்கில ரொக் இசைக்குழுவின் பழைய பாட்டொன்றின் துண்டின் மேல் கட்டியதுதான். அதிலிருந்து ஒரே ஒரு வரியை எடுத்து, 2008இல் ஜே-சீ, கான்யே வெஸ்ட், லில் வெய்ன், ரி.ஐ. என்ற நான்கு பெரிய ராப்பர்கள் தங்கள் பாட்டைக் கட்டினார்கள். வெட்டுவதற்கென்று எழுதிய வரியில்லை அது. வரியைக் கேட்டுத் தேடிப் போனவனுக்கு, அந்தப் பக்கம் ஒரு முழுப்பாட்டு இருந்தது.

அதனால் பெடியனை முழுப்பாட்டையே எழுதச் சொல்லுங்கள். மாட்டுகிற வரி அதற்குள் வந்தால் வரட்டும். அந்த வரியையே பாட்டின் தலைப்பாகவும் வைத்தால், தேடுகிறவனுக்குச் சுலபம். அப்புறம், துண்டை வெட்டி முதலில் ஏற்றுகிறவனும் அவனாகவே இருக்கவேண்டும். வேறொருவர் முந்திக்கொண்டால் 'ஒரிஜினல் சவுண்ட்' என்று அந்த ஆளின் பெயரில்தான் சத்தம் ஊரெல்லாம் போகும். கஷ்டப்பட்டு எழுதியவனின் பெயர் எங்கும் இருக்காது. இந்த ஒன்றை மட்டும் அவன் மறக்கவே கூடாது.

வகுப்பைப் பற்றி ஒன்று. 67 ஒரு முதன்மை எண். 9இன் வர்க்கம் 81, அது 67ஐத் தாண்டிவிடுவதால் 2, 3, 5, 7 ஆகியவற்றால் வகுத்துப் பார்த்தால் போதும், நிறுவிவிடலாம். அடுத்த முறை கத்தும்போது அதைச் செய்யக் கொடுங்கள். கையை ஆட்டிக்கொண்டே செய்யட்டும், பரவாயில்லை.

சரி, பெடியனின் பாட்டை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். முழுதாக.